இறங்கி ஆட ஒரு பாட்டு

ஜூலை 6, ஞாயிறு

இந்த டைரி, ஸ்பீக்கர் வாடகைக் கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்தது. இதுவரை இதில் நான் எழுதியதெல்லாம் ஊர்ப் பெயரும் மண்டபத்தின் பெயரும்தான். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவனுக்கு அதற்கு மேல் என்ன எழுத இருக்கிறது? இன்று ஒரு வேலை வந்திருக்கிறது. வேலை கொடுத்தவள் குழலி.

முழுப்பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மனின் பெயர். தென்காசியில் பெண்கள் பள்ளி ஒன்றில் பி.டி. டீச்சர். பேரில்தான் குழல், கையில் இருப்பது விசில். போன வருஷம் அந்தப் பள்ளி ஆண்டுவிழாவுக்கு வாசிக்கப் போனோம். மத்தியானமே மேடை ஏறி ஸ்பீக்கரைச் சோதித்துக்கொண்டிருந்தோம். பரீட்சை நடக்கிறது என்று விசில் அடித்துக்கொண்டே ஓடி வந்து நிறுத்தினாள். நான் வாசிக்கும்போது பாதியில் என்னை நிறுத்திய ஒரே ஆள் அவள்தான். ஆகஸ்ட் 28 காலையில் எங்களுக்குக் கல்யாணம்.

அன்று சாயங்காலம் ரிசப்ஷன். அதில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பாட்டுக்கு ஆட வேண்டுமாம். இப்போது எல்லாக் கல்யாணத்திலும் இது வந்துவிட்டது. நானே எத்தனையோ ஜோடிகளை ஆட வைத்திருக்கிறேன்.

"பாட்டு மட்டும் நீங்க எடுங்க. உங்களுக்குத்தான் ஆயிரம் பாட்டு தெரியும்லா" என்றாள்.

"ஒரு பாட்டுதான? சாயங்காலம் சொல்லுதேன்" என்றேன்.

இதைச் சொன்னபோது மணி பத்து. இப்போது விளக்கு வைத்தாயிற்று. இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

யோசித்துக்கொண்டிருக்கிறேன். கீபோர்டு ஸ்டாண்டில் ஒரு திருகாணி கழன்றுவிட்டது, அதை மாட்டினேன்.

ஜூலை 13, ஞாயிறு

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை என்று அம்மா வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

குழலியே நாலு பாட்டு சொன்னாள். நாலையும் தள்ளிவிட்டேன். காரணம் இல்லாமல் தள்ளவில்லை. முதலாவது மழைப் பாட்டு. அதைச் சுரண்டையில் வாசித்தபோது, ரசம் வரவில்லை என்று இரண்டு வீட்டு மாமன்களும் இலையை எறிந்துகொண்டார்கள். இரண்டாவது மெதுவான டூயட். கடையநல்லூரில் அது பாதியில் இருக்கும்போது ஜெனரேட்டர் படுத்துவிட்டது, இருட்டில் பொண்ணு மாப்பிள்ளையின் காலை மிதித்துவிட்டாள். மூன்றாவதை வாசித்த கல்யாணத்தில், பாட்டு முடிகிற வரைக்கும் மாப்பிள்ளை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவது பாட்டுக்கு ஆடிய ஜோடி இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கிறது.

மற்றவர்களுக்குப் பாட்டு என்றால் பாட்டு. எனக்கு ஒவ்வொரு பாட்டிலும் ஒரு மண்டபம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைப் போனில் அவளுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"இத்தன கல்யாணத்துல ஒண்ணுலகூடவா நல்லது நடக்கல?"

"நடந்திருக்கும். நான் கீபோர்டு கட்டையப் பாத்துத்தான வாசிப்பேன். ஏதாவது சத்தம் கேட்டாத்தான் நிமிந்து பாப்பேன்."

 "சாப்ட்டியளா?" என்றாள்.

ஜூலை 20, ஞாயிறு

ஆட்டப் பயிற்சி. இடம், எங்கள் குழு சாமான் போட்டு வைக்கும் அறை. காவலுக்கு ரபீக். ரிதம் பேட் வாசிக்கிறவன், பள்ளிக்கூடத்திலிருந்து என்னோடு இருக்கிறவன், என்னைத் திட்டுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்காதவன்.

பாட்டு இன்னும் முடிவாகாததால் குழலி அவள் போனில் எதையோ ஓடவிட்டாள். என் கையை எடுத்து அவள் தோளில் வைத்தாள். காலை வலது பக்கம் இரண்டு அடி, இடது பக்கம் இரண்டு அடி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் வரும். எனக்கு வரவில்லை.

"எங்க பாக்கிய?" என்றாள்.

போனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதில் பேஸ் கிதார் ஒரு இடத்தில் பிசகுகிறது, அதைச் சொன்னேன். அவள் என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து, "தோள்ல என்ன குறுகுறுங்கு?" என்றாள். என் விரல் அங்கே இடையிசையை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ரபீக் விழுந்து விழுந்து சிரித்தான். "டீச்சர், இவன் கைய வெட்டித் தனியா வச்சிட்டு ஆளை மட்டும் கூட்டிட்டுப் போங்க."

குழலியும் சிரித்தாள். சிரிக்கும்போது அவளுக்கு மூக்கு சுருங்கும். நிமிர்ந்து பார்த்ததில் கண்ட நல்ல காட்சிகளில் இதுவும் ஒன்று என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேஸ் கிதாரைப் பற்றித்தான் இன்னும் கொஞ்சம் சொன்னேன்.

ஜூலை 24, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணம் கிடையாது, கோயில் கொடைத் திருவிழாக்கள்தான். நேற்று பாவூர்சத்திரம் பக்கம் ஒரு கொடையில் வாசித்தோம். இடைவேளையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மண்டையில் உறைத்தது. எந்த மண்டபமும் ஒட்டாத பாட்டு வேண்டுமென்றால், யாரும் இதுவரை கேட்காத பாட்டாக இருக்க வேண்டும். அப்படியென்றால் நானே போட வேண்டும்!

இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று தெரியவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்ததற்கு எங்கள் குழுவின் முதலாளியும் பாடகருமான மாரித்துரை அண்ணன், "வயிறு சரியில்லையாடே?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மெட்டு முடிந்துவிட்டது. வார்த்தை இல்லை. கீபோர்டு, ரபீக்கின் பேட், பின்னால் மாரித்துரை அண்ணனின் முனகல், அவ்வளவுதான். பல்லவி அவள் நடையில் இருக்கிறது. அவள் மைதானத்தில் நடப்பதைப் பார்த்தால் யாருக்கும் ஒரு மெட்டு வரும். இரண்டாவது சரணம்தான் என் சாமர்த்தியம். அதில் இடது கை ஒரு இடத்தில் தனியாகக் கீழே இறங்கி, வலது கையைத் தேடிக்கொண்டு மேலே வரும். எழுதும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாரல் காற்று கண்ணில் பட்டிருக்கலாம்.

ரபீக்கிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்து என் முதுகில் ஒரு அடி போட்டான். அவன் பாராட்டு அப்படித்தான் இருக்கும். பிறகு கேட்டான்.

"இத யாருல வாசிக்கா?"

"நான்தான். வேற யாருக்கு வரும்?"

"அப்ப யாரு ஆடுதா?"

அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவன் பேட்டைத் துணி போட்டு மூட ஆரம்பித்தான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

குழலிக்கு வாசித்துக் காட்டினேன். சாமான் அறைக்கு அவளை வரச்சொல்லி, கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, சத்தம் சரியாக வைத்து வாசித்தேன். இரண்டாவது சரணத்தில் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இருபது வருஷ வாசிப்பில் எனக்கு இதற்கு மேல் ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை.

பிறகு என் திட்டத்தைச் சொன்னேன். மேடையில் நான் வாசிப்பேன். நடுவில் அவள் நிற்பாள். விளக்கெல்லாம் அணைத்து, அவள் மேல் மட்டும் ஒரு விளக்கு. ஊரே அவளைப் பார்க்கும். எந்த மாப்பிள்ளை தன் பொண்டாட்டிக்கு இப்படி ஒன்று செய்திருக்கிறான்?

"நான் தனியா நிக்கணும். அதான?" என்றாள்.

"தனியா எங்க? நான் வாசிக்கேன்லா."

அவள் குரல் ஏறவில்லை. மைதானத்தில் அவ்வளவு கத்துகிறவள் மெதுவாகப் பேசினால் எனக்குப் பயமாக இருக்கிறது.

"நிச்சயம் பண்ணதுக்குப் பொறவு எத்தன கல்யாணத்துக்கு என்னையக் கூட்டிட்டுப் போனிய? அம்புட்டுலயும் நீங்க மேடையில, நான் பந்தியில. பக்கத்து இலைக்காரங்க கேக்காங்க, நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடான்னு. நான் யாருன்னு சொல்ல? ரெண்டும் இல்லைன்னு சொன்னா ஓசிச் சோத்துக்கு வந்தவள மாதிரி பாக்காங்க. அதெல்லாம் உங்க வேலை, சரின்னு இருந்தேன். என் கல்யாணத்துலயுமா நான் உங்கள வேடிக்க பாக்கணும்?"

மெட்டு நன்றாக இருக்கிறதா இல்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மெட்டு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். வெளியே தூறல். குடையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். வெயிலிலும் மழையிலும் நிற்கிற வேலை, அலுப்பாக இருந்திருப்பாள்.

ஆகஸ்ட் 9, சனி

போன் எடுக்கவில்லை. கீபோர்டைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் செய்தி வந்தது. "டான்ஸ் வேண்டாம். நீங்க வாசிங்க. நான் மேடையில உக்காந்து கேக்கேன். பந்தலுக்கு என்ன கலர்னு மண்டபத்துல கேக்காங்க, சொல்லுங்க."

நான் நினைத்தபடியே முடிந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதான். மத்தியானம் சோறு இறங்கவில்லை. "ஏய்யா, குழம்புல உப்பு கூடிட்டோ?" என்றாள் அம்மா. உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ரபீக்கிடம் செய்தியைக் காட்டினேன். ஒரு தடவை படித்துவிட்டு, "நீ ஒரு மடையன்" என்றான். அவன் மூன்று தடவை கேட்டிருப்பான், உனக்கு இறங்கி ஆடுவதில் என்னதான் கஷ்டம் என்று. இரண்டாவது சரணத்தை வேறு யாராலும் வாசிக்க முடியாது என்பதை மூன்று தடவையும் விளக்கினேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

வா என்று யாரும் கூப்பிடவில்லை. குடையைக் கொடுக்க வேண்டுமே என்று அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

கொடியேற்றி முடிந்து அணிவகுப்பு நடந்துகொண்டிருந்தது. பெற்றோர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மைதானத்தின் நடுவில் குழலி. வெள்ளைச் சட்டை, கழுத்தில் விசில். அத்தனை பிள்ளைகளும் அவள் கையைப் பார்க்கிறார்கள், அவள் அவர்கள் காலைப் பார்க்கிறாள். ஒரு வரிசை கொஞ்சம் கோணினால் போதும், அங்கே நிற்கிறாள். நான் கையை உயர்த்திப் பார்த்தேன். குடையையும் உயர்த்திப் பார்த்தேன். அவள் திரும்பவே இல்லை.

பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டார். "உங்க பிள்ள எந்த கிளாஸ்?"

"பிள்ளை இல்லைங்க. சும்மா வந்தேன்."

"சும்மாவா?" என்று அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஆம்பளை சும்மா வந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். "அந்த டீச்சர் எனக்குத் தெரிஞ்சவங்க" என்றேன். அதையும் அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஒரு பிள்ளை வந்து மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனது. தனியாக உட்கார்ந்து தின்றேன். அவள் வேலையில் இருக்கிறாள், திரும்பக் கூடாது, எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் மிட்டாய் இனிக்கவில்லை. ஒரு காலைக்கே எனக்கு இப்படி. அவள் ஒவ்வொரு மண்டபத்திலும் இப்படி உட்கார்ந்திருக்கிறாள். நான் ஒரு தடவைகூட நிமிர்ந்து, அவள் சாப்பிட்டாளா என்று பார்த்ததில்லை. சத்தம் கேட்டால்தானே பார்ப்பேன். அவள் சத்தமே போடவில்லையே.

எல்லாரும் போன பிறகு கொடிக்கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்தாள்.

"எப்ப வந்திய?"

"அப்பவே. மிட்டாயெல்லாம் தின்னாச்சு. நான் இறங்குதேன், குழலி."

"எங்கருந்து?"

"மேடையிலருந்து."

கயிற்றைச் சுற்றுவதை நிறுத்தினாள். "அந்த ரெண்டாவது சரணம்?"

"ஜெபசிங் வாசிக்கட்டும்." எனக்கு உடம்பு சரியில்லாதபோது வந்து வாசிக்கிறவன். மற்ற நாளில் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறான்.

"அவரு தப்பா வாசிச்சா?"

"வாசிக்கட்டும்."

"நீங்க திரும்பிப் பாப்பிய."

"பாக்க மாட்டேன்."

"பாத்தா விசில் அடிப்பேன். பட்டுச்சேலையில இருந்தாலும் அடிப்பேன், சொல்லிட்டேன்." மூக்கு சுருங்கியது. குடையைக் கொடுக்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

ஜெபசிங்குக்கு மெட்டைச் சொல்லிக் கொடுக்கிறேன். நல்ல பையன். ஆனால் எதை வாசித்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை மாதிரி இருக்கிறது. பல்லவி முடிந்ததும் எனக்கே எழுந்து நிற்கத் தோன்றுகிறது. இரண்டாவது சரணத்தில் இடது கை இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் ஜெபம் செய்கிறது. "அண்ணே, இவ்வளவு கஷ்டமா எதுக்குப் போட்டீங்க?" என்று கேட்டான். முதலிலிருந்து வாசி என்றேன்.

பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன். மேடை ஏறினால் என் கைக்கு வேலை இருக்கிறது. கீழே இறங்கினால் இந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது, எதுவும் எனக்குத் தெரியாது. பதினாறு வயதில் கீபோர்டுக்குப் பின்னால் போய் நின்றவன். அங்கே யாரும் என்னைப் பார்ப்பதில்லை, பாடுகிறவரைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இரண்டாவது சரணம் ஒரு சாக்கு. எனக்குப் பயம். ரபீக்குக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்துதான் இருக்கும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கடைசிப் பயிற்சி. வலது பக்கம் இரண்டு, இடது பக்கம் இரண்டு, ஒரு சுற்று. சுற்றும்போது என் பார்வை கீபோர்டு பக்கம் போனது. பீப் என்று விசில். காது இன்னும் அடைத்திருக்கிறது.

ஆகஸ்ட் 27, புதன்

முடி வெட்டியாயிற்று. வேட்டி வந்துவிட்டது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கல்யாணம் முடிந்தது. தாலி கட்டியதை எல்லாரும் பார்த்திருப்பார்கள், அதைப் பற்றி எழுத வேண்டாம். முதல் முடிச்சு இறுகவில்லை, அவ்வளவுதான்.

ரிசப்ஷனைப் பற்றித்தான் எழுத வேண்டும். குழலிக்கு அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ, கழுத்தில் ஆரம். ஆரத்துக்கு நடுவே கறுப்புக் கயிற்றில் விசில். அவள் பள்ளிப் பிள்ளைகளெல்லாம் முன்வரிசையில் நின்று கூச்சல் போட்டார்கள். மாரித்துரை அண்ணன் மைக்கில் எங்கள் பெயரைச் சொன்னார். என் பெயர் மைக்கில் அவ்வளவு நீளமாக ஒலிக்கும் என்று இதுவரை தெரியாது. சங்கிலிபூதத்தான்! எல்லாரும் என்னை 'கீபோர்டு சங்கிலி' என்றுதான் அறிவிப்பார்கள்.

கீழே இறங்கினோம். அவள் என் கையை எடுத்துத் தோளில் வைத்தாள். "என் முகத்த மட்டும் பாருங்க" என்றாள். பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. இத்தனை நாளாக எனக்கு அது தெரியாது. கபடியில் விழுந்ததாம், ஆடிக்கொண்டே சொன்னாள். அவள் காலை நான் மிதித்தேன், அவள் என் காலை மிதிக்கவில்லை. நடுவில் பிள்ளைகள் ரொம்பக் கத்தினார்கள், கைதட்டினார்கள். நான் மேடைப் பக்கம் திரும்பவில்லை. விசில் அடிக்க அவளுக்கு வேலையே வரவில்லை.

ஜெபசிங்கைப் பற்றி நான் நினைத்தது தப்பு. இரண்டாவது சரணத்தை அருமையாக வாசித்தான். இடது கை இறங்கி, வலது கையைத் தேடி மேலே வருகிற இடம் என்னைவிட நன்றாக இருந்தது. முடிந்ததும் அவன் கையைப் பிடித்து அப்படியே சொன்னேன். அவன் ஏனோ முழித்தான். கூச்ச சுபாவம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

வீடியோ வந்தது. குழலியும் நானும் அவள் போனிலேயே பார்த்தோம். கம்பத்துக்கு வேட்டி கட்டிவிட்ட மாதிரி அசிங்கமாக ஆடியிருக்கிறேன், அது கிடக்கட்டும்.

பல்லவி, முதல் சரணம் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அதன் பிறகு டப் என்று ஒரு சத்தம், கீபோர்டு நின்றுபோகிறது. சுத்தமாக! ஜெபசிங் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பேந்தப் பேந்த விழிக்கிறான். ரபீக் ஒரு கையால் பேட்டைத் தட்டிக்கொண்டே மேடைக்கு அடியில் தலையை விட்டு வயரைத் தேடுகிறான். மாரித்துரை அண்ணன் மைக்கில் "ம்ம்ம்" என்று முனகிச் சமாளிக்கிறார். பிள்ளைகள் தாளம் விழாமல் இருக்கக் கைதட்டுகிறார்கள். கடைசி வரைக்கும் கீபோர்டு வரவே இல்லை. இரண்டாவது சரணம் அந்த மண்டபத்தில் ஒலிக்கவே இல்லை.

இத்தனையும் என் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது. படத்தில் நான் அவள் புருவத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். "எனக்குக் கேட்டுச்சே குழலி. முழுசும் கேட்டுச்சே. அந்த இடது கை இறங்குத இடம்கூட."

அவள் போனை அணைத்தாள். "நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். ரபீக் அண்ணன் என்னையப் பாத்துக் கைய கைய ஆட்டுதாரு, சொல்லுங்க, அவனத் திரும்பச் சொல்லுங்கன்னு. சொன்னா நீங்க மேடையேறிப் போயிருவிய. நான் சொல்லல. பொறவும் யாரையும் சொல்ல விடல."

அவளைக் கட்டிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

செப்டம்பர் 14, ஞாயிறு

புளியங்குடியில் ரிசப்ஷன். குழலியும் வந்தாள். மாரித்துரை அண்ணனிடம் முன்னாலேயே சொல்லிவிட்டேன், பந்தி நேரத்தில் நான் இறங்கிவிடுவேன், அந்த நேரத்துக்கு ஜெபசிங் வாசிக்கட்டும் என்று. அவர் முணுமுணுத்தார். நான் இறங்கிவிட்டேன்.

பக்கத்துப் பக்கத்து இலை. மேலே ஜெபசிங் ஒரு குத்துப் பாட்டை ஆராதனையாக மாற்றிக்கொண்டிருந்தான். நான் அப்பளத்தை நொறுக்கினேன். குழலி தன் இலையிலிருந்த ஜாங்கிரியை என் இலைக்குத் தள்ளினாள்.

எதிர் இலைப் பெரியவர் எங்களைப் பார்த்துக் கேட்டார். "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

நான் வாயில் சோற்றோடு முழித்தேன். குழலி என்னைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள், மூக்கு சுருங்கியது.

"நாங்க பாட்டு வீடு" என்றாள்.